சண்டை ஆட்டத்தில் பாத்திரத்துக்குத் தனி உடை: காசு கொடுத்து வாங்குவது தகுமா?

கேள்வி – மாலைச்சுடர்

நண்பர்களுக்கு வணக்கம். ஒன்றரை ஆண்டாக, வேலை முடிந்து வீடு திரும்பியபின் இரவில் ஒரு மணி நேரமாவது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற காணொளிச் சண்டை ஆட்டத்தை ஆடி வருகிறேன். தொடக்கம் முதல் சுன்-லீயை மட்டுமே எடுத்து ஆடுவதால், அந்தப் பாத்திரத்தின் நடையும் நிற்கும் தோரணையும் ஒவ்வோர் உதையும் கண்ணுக்கு நன்றாகப் பழகிவிட்டன. 2023 ஜூனில் வெளிவந்த இந்த ஆட்டத்தை முழு விலை கொடுத்தே வாங்கினேன். அதே ஆண்டு டிசம்பரில் பாத்திரங்களுக்கு மூன்றாவது உடை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் பெற வேண்டும். அந்த உடை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எதிரில் ஆடுபவர் அதை அணிந்து வந்தால், ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு நொடியாவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்கிவிடலாம் என்று கடைப் பக்கத்தைத் திறந்தபோதுதான் தயக்கம் வந்தது. உடையின் விலை 300 ஃபைட்டர் காயின்; காசு கொடுத்து வாங்கி ஆட்டத்துக்குள் செலவழிக்கும் நாணயம் அது. ஆனால் 300 காயினை அப்படியே வாங்க வழியில்லை; கட்டுக் கட்டாகத்தான் விற்கிறார்கள். சிறிய கட்டில் 250 காயின் இருக்கிறது, அதற்கடுத்த கட்டில் 610. அமெரிக்க விலையில் முதலாவது 4.99 டாலர், இரண்டாவது 11.99 டாலர். ஆகவே ஓர் உடை வேண்டுமென்றால் சிறிய கட்டை இரண்டு முறை வாங்கி, 200 காயினைப் பயனின்றிக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய கட்டை வாங்கி, நான் கேட்காத இன்னோர் உடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். ஒரு சட்டை வாங்கத் துணிக்கடைக்குப் போனால் இப்படித் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட வேண்டியதில்லையே என்று தோன்றியது. உதையின் வலுவையோ வேகத்தையோ சிறிதும் மாற்றாத ஒன்றுக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

இதை ஒட்டி இன்னொரு கவலையும் இருக்கிறது. என் அக்காள் மகனுக்கு வயது 14. பி.ஜி.எம்.ஐ. என்ற கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடுகிறான்; அதில் செலவழிக்கும் யு.சி. என்ற நாணயத்தைக் காசு போட்டு டாப்-அப் செய்து தரும்படி என்னிடம் கேட்கிறான். எனக்கு ஒரு நியாயமும் அவனுக்கு வேறொரு நியாயமும் சொல்ல மனம் ஒப்பவில்லை. இப்படி வாங்கியவர்கள், வாங்கி ஓராண்டு கழித்தும் அது தகும் என்று நினைக்கிறீர்களா?

மறுமொழி 1 – நெடுவழி

வணக்கம் மாலைச்சுடர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிலையில் அந்த உடையை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டத்தில் எதையும் மாற்றாத ஒன்றுக்குக் காசு கொடுப்பது தகுமா என்ற கேள்வி இன்று எழுந்ததன்று. 2006 ஏப்ரலில் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்’ ஆட்டத்தில் குதிரைக்குப் போர்க்கவசம் ஒன்றை 200 மைக்ரோசாஃப்ட் பாயிண்டுக்கு, அதாவது இரண்டரை டாலருக்கு விற்றார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்துக்குள் மீண்டும் ஒரு கல்லாப்பெட்டியா என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். இன்றுவரை இந்த வகை விற்பனையைக் குறை சொல்ல எவர் வாய் திறந்தாலும் அந்தக் குதிரைக் கவசத்தைத்தான் முதலில் எடுத்துக்காட்டுகிறார்கள். 2015-இல் வெளிவந்த ‘தி விட்சர் 3’ இதற்கு நேர் எதிர்வழியில் சென்றது. யென்னஃபர், ட்ரிஸ், சிரி ஆகியோரின் மாற்று உடைகள் உட்பட 16 கூடுதல் தொகுப்புகளை வாங்கியவர் அனைவருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். ஆகவே முழு விலை ஆட்டத்தில் உடையைத் தனியே விற்றுத்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவு.

இலவச ஆட்டங்களின் நியாயம் வேறு. டோட்டா 2-இல் எல்லா நாயகர்களும் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே இலவசம். விற்பனைக்கு இருப்பவை பெரும்பாலும் தோற்றத்துக்கான பொருள்களே. அந்த ஆட்டத்தின் 2021 உலகப் போட்டிக்கான பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது என்றால், பேட்டில் பாஸ் எனும் கட்டணச் சீட்டின் விற்பனையில் கால் பங்கு அதில் சேர்ந்ததே காரணம். அங்கே உடை வாங்குபவர், வாங்காதவரும் ஆடுவதற்கான செலவைச் சேர்த்தே ஏற்கிறார். ஆயிரம் மணி நேரம் இலவசமாக ஆடிய ஒருவர் ஓர் உடையை வாங்கினால், அதை நான் நன்றிக்கடன் என்றே கருதுவேன்.

நீங்கள் கவனிக்க வேண்டிய அடுத்த செய்தி, அந்த உடையை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது. வாலரன்ட் ஆட்டத்தில் பாத்திரங்களுக்கு உடையே விற்பதில்லை, துப்பாக்கிக்குத்தான் ஸ்கின், அதாவது மாற்றுத் தோற்றம், விற்கிறார்கள். ஆடுபவருடைய கண்ணுக்குத் தன் கையும் துப்பாக்கியும் மட்டுமே தெரியும் என்பதை நினைத்தால் அது பொருத்தமாகவே இருக்கிறது. ஃபோர்ட்நைட்டில் பாத்திரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறோம். சண்டை ஆட்டத்திலோ தலை முதல் கால் வரை முழு உருவமும், ஆட்டம் முடியும் வரை திரையின் நடுவிலேயே நிற்கிறது. அலங்காரத்துக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கு முழுதாகத் திரும்பி வருவது இந்த வகை ஆட்டத்தில்தான்.

தோற்றம் ஆட்டத்தை மாற்றாது என்பதும் எப்போதும் உண்மையன்று. ‘கால் ஆஃப் டியூட்டி: வார்சோன்’ ஆட்டத்தில் ரோஸ் என்ற பாத்திரத்தின் கருநிற உடையொன்று இருட்டு மூலைகளில் கண்ணுக்கே தெரியாமல் போனதால் பெரும் முறையீடு எழுந்து, பிறகு அந்த உடையை வெளிறச் செய்து திருத்த வேண்டியதாயிற்று. உங்கள் ஆட்டத்தில் அப்படிப்பட்ட சிக்கல் இல்லை.

இனி நான் சொல்ல வந்தது. சுன்-லீயின் இரண்டாவது உடையைத் திறந்துவிட்டீர்களா? 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் அணிந்திருந்த அதே நீல உடை. கொண்டைக்கு வெண்துணி, மணிக்கட்டில் முள் காப்பு. அதற்குக் காசு தேவையில்லை. ஆட்டத்தின் வேர்ல்ட் டூர் எனும் கதைப் பகுதியில் அவரைக் குருவாக ஏற்று, பரிசு கொடுத்தும் உடன் சண்டையிட்டும் நெருக்கத்தை நிறைவு செய்தால் கிடைத்துவிடும். ஆடி ஈட்டும் டிரைவ் டிக்கெட் கொடுத்தும் வாங்கிக்கொள்ளலாம். முதலில் அதைப் பெற்று ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். அதன் பிறகும் மூன்றாவது உடைமீது ஆசை குறையவில்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

காயின் கட்டுகளின் கணக்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக்கருத்தே இல்லை. 300-க்கு விற்கும் பொருளுக்கு 250 என்று கட்டுக் கட்டுவது வாங்குபவரின் கையில் எப்போதும் மிச்சம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த மிச்சம் கண்ணில் படும்போதெல்லாம் அடுத்த கட்டை வாங்கச் சொல்லும். விலையை நேரே ரூபாயில் எழுதி வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

மறுமொழி 2 – இருபிள்ளைத்தாய்

தம்பி, உங்கள் உடையைப் பற்றி மேலே எழுதியவர் சொல்லிவிட்டார். நான் உங்கள் அக்காள் மகனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இது என் வீட்டில் நடந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியில் வங்கிக் குறுஞ்செய்தி வந்தது. 89 ரூபாய். பால் கணக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது அதே தொகையில் பதினொரு செய்திகள் வரிசையாக நின்றன. என் இளைய மகன், அப்போது அவனுக்கு வயது 12, முன்னறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தில் ஒரு பெட்டி. அதைத் திறந்தால் ஒரு வீரனின் சிவப்பு அங்கி வரலாம், வராமலும் போகலாம். ‘இன்னும் ஒரே ஒரு முறை திறந்தால் வந்துவிடும் என்று நினைத்தேன் அம்மா’ என்றான். அந்த அங்கி வரவேயில்லை. போன காசைவிட, அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னை உலுக்கியது, ஏனென்றால் அதே வாக்கியத்தைச் சீட்டாட்டத்தில் நிலத்தை இழந்த என் சித்தப்பா வாயிலிருந்து நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

ஆகவே நான் கோடு போட்டுப் பிரிப்பது உடை வேண்டுமா வேண்டாமா என்பதில் அன்று. விலை எழுதிக் கண்முன் தொங்கும் உடை ஒரு வகை. எது வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டியும் சுழற்றும் சக்கரமும் முற்றிலும் வேறு வகை. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலிலேயே இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து சில பெரிய ஆட்டங்கள் அங்கே அந்த விற்பனையை நிறுத்திக்கொண்டன.

விலை எழுதிய உடையிலும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் உண்டு. 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஃபோர்ட்நைட் நிறுவனத்துடன் 52 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டது. அதில் 27.5 கோடி, குழந்தைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கான தண்டத்தொகை, எஞ்சிய 24.5 கோடி, விரும்பாமலே வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது. உறக்க நிலையிலிருக்கும் ஆட்டத்தை எழுப்பப் பொத்தானை அழுத்தினாலும், ஓர் உடையைச் சும்மா பார்க்கப் போய்ப் பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலும் காசு போய்விடும் நிலை இருந்தது என்று ஆணையம் குற்றம் சாட்டியிருந்தது. பெரியவர்களுக்கே கை தவறும் இடத்தில் குழந்தையைக் குறை சொல்லி என்ன பயன்?

உங்கள் அக்காளிடம் இவற்றைச் சொல்லுங்கள். ப்ளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் சென்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கில் வங்கி அட்டையோ யு.பி.ஐ.யோ சேமித்து வைக்கவே கூடாது. பிறந்தநாளுக்கோ தேர்வு முடிந்ததற்கோ ஏதாவது வாங்கித் தர விரும்பினால், குறிப்பிட்ட தொகைக்கு ஒரு கிஃப்ட் கார்டு கொடுத்துவிட்டால் அந்தத் தொகையோடு அது முடிந்துவிடும். 18 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் ஒப்புதலுடன்தான் பி.ஜி.எம்.ஐ. ஆட வேண்டும் என்பதும், அவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேர வரம்பு உண்டு என்பதும் அந்த ஆட்டத்தின் விதிகளிலேயே இருக்கின்றன. பையன் பதிவு செய்தபோது உண்மையான வயதைக் கொடுத்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3 – கடைசிவட்டம்

ஒரு சொல்லை மட்டும் திருத்த விரும்புகிறேன். மேலே எல்லோரும் ‘வாங்குவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் பெறுவது அந்த ஆட்டம் நடக்கும் காலம் வரை அந்த உடையை அணிந்துகொள்ளும் அனுமதி மட்டுமே. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இத்தகைய மின்பொருள்களை விற்பவர் அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2014-இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31-ஆம் நாள் மூடியபோது, காசு கொடுத்து அதை வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை ஆட முடியாமல் போயிற்று. ஆட்டத்துக்கே அந்தக் கதி என்றால், அதற்குள் இருந்த அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அக்காள் மகன் ஆடும் ஆட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மொத்தம் 118 செயலிகளுடன் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 2 அன்று பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. பழைய கணக்கிலிருந்த பொருள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பும் கொடுத்தார்கள். 2022 ஜூலை இறுதியில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட நாள்களில் என் தங்கை, தான் சேர்த்து வைத்த உடைகள் என்ன ஆகுமோ என்று தினமும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவலையையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஸ்கின்னை முதலீடு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ராக்கெட் லீகில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருள்களை மாற்றிக்கொள்ளும் வசதியை 2023 டிசம்பரில் நிறுவனமே எடுத்துவிட்டது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் 2025 அக்டோபரில் ஒரு மாற்றம் செய்தார்கள். மிக உயர்ந்த தரத்துச் சிவப்பு ஸ்கின் ஐந்தைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்றானதும், அதுவரை அரிதாக இருந்த கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது. பார்த்து மகிழ்வதற்காக வாங்கியவருக்கு அந்த இரவு எந்த இழப்பும் இல்லை. விற்று லாபம் பார்க்கலாம் என்று சேர்த்தவர்கள்தான் தவித்தார்கள்.

மறுமொழி 4 – தூரிகை

நான் பெங்களூரில் ஆட்டங்களுக்கு முப்பரிமாண உருவங்கள் செய்யும் வேலையில் இருக்கிறேன். நெடுநாள் படிப்பவன், இன்றுதான் எழுதுகிறேன். உடை என்றால் பாத்திரத்தின் மேல் வேறு நிறம் பூசுவது என்று பலர் நினைப்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

நிறத்தை மட்டும் மாற்றுவது எளிய வேலைதான். அதற்கு உடையின் விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் வடிவமே மாறும் உடைக்கு முதலில் உருவத்தைச் செதுக்கி, அதைக் கணினி தாங்கும் அளவுக்கு மெலிதான மெஷ் எனும் வலை உருவமாகக் குறைத்து, டெக்ஸ்சர் எனும் மேற்பரப்புப் படம் பூசி, பாத்திரத்தின் எலும்புச் சட்டகமான ரிக்கோடு இணைக்க வேண்டும். எந்த எலும்பு அசைந்தால் துணியின் எந்தப் பகுதி எவ்வளவு அசைய வேண்டும் என்பதைப் புள்ளி புள்ளியாகத் தீட்டுவோம். அதற்குப் பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். சுன்-லீ போன்ற பாத்திரம் காலைத் தலைக்கு மேல் தூக்கும்போது தொங்கும் துணி தொடைக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். ஒவ்வோர் உதையிலும், விழும்போதும் எழும்போதும், எதிராளி பிடித்துத் தூக்கி எறியும்போதும், வென்றபின் நிற்கும் காட்சியிலும் அதைத் தனித்தனியே பார்த்துத் திருத்த வேண்டும். நீண்ட முந்தானை போன்ற ஒரு துணி தோளுக்குள் புகாமல் பார்த்துக்கொள்ள நான் ஒன்பது வேலை நாள்கள் செலவிட்டிருக்கிறேன். அந்தப் பாத்திரம் இப்போது திரும்பும்போது துணி அரை நொடி தாமதித்துத் தோளைத் தொட்டு இறங்கும். அதை யாரோ ஒருவர் தம் வீட்டுத் திரையில் கவனித்திருப்பார் என்று நம்புகிறேன்.

இதனால் எந்த விலையும் நியாயமாகிவிடாது. ஒரு முறை செய்த உடையை எத்தனை இலட்சம் பேருக்கும் விற்கலாம் என்பது எனக்கும் தெரியும். வாங்கும் முன் ஆட்டத்தின் உள்ளேயே அந்த உடையைச் சுற்றிப் பார்க்கவோ, பிறர் அணிந்து ஆடும் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்க்கவோ செய்யுங்கள். காலைத் தூக்கும் இடத்தில் துணி ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். அங்கே கவனம் எடுத்திருந்தால் மற்ற இடங்களிலும் எடுத்திருப்பார்கள்.

மறுமொழி 5 – நெடுவழி

தூரிகை அவர்களுக்கு நன்றி; அந்த ஒன்பது நாளைப் படித்தபின் நேற்றிரவு என் பாத்திரத்தின் இடைக்கச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைச்சுடர், ஒரு சிறு சேர்க்கை. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் வாங்கிய கூடுதல் தொகுப்பை 14 நாள்களுக்குள், அதை வாங்கியபின் மூல ஆட்டத்தை 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கக் கேட்கலாம். ஆனால் பயன்படுத்தித் தீர்த்துவிட்ட பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே காயினைச் செலவழிக்கும் முன்பே முடிவை எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 6 – மாலைச்சுடர்

அனைவருக்கும் நன்றி. நெடுவழி சொன்னதைப் படித்ததும் ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். நான் இதுவரை வேர்ல்ட் டூர் பக்கமே போகாமல் நேரே இணையத்தில் ஆடுபவன். என் கணக்கில் போதிய டிரைவ் டிக்கெட் ஓராண்டாக எடுக்காமலே கிடந்தது. அன்றிரவே அந்த நீல உடையை எடுத்துவிட்டேன். சிறுவயதில் எங்கள் தெருமுனைக் கடையில், ஐம்பது காசு போட்டு ஆடும் பெட்டியில் பார்த்த அதே நீலம். முதல் சண்டையில் தோற்றும்கூட மீண்டும் ஆட உட்கார்ந்தேன். மூன்றாவது உடையின் காணொளியைத் தூரிகை சொன்னபடி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். துணி மிக அழகாக விழுகிறது. ஆகவே அடுத்த மாதம் அதையும் வாங்கத்தான் போகிறேன். 610 கட்டை எடுத்து, மிச்சத்தில் என்னுடன் ஆடும் மனைவிக்குக் கேமி என்ற பாத்திரத்தின் உடையை வாங்கிவிட்டால் 10 காயின்தான் நிற்கும். அவரிடம் கேட்டுவிட்டேன், விருப்பம் என்றார்.

இருபிள்ளைத்தாய் அக்கா, என் அக்காள் மகனிடம் பேசினேன். பெட்டியும் சக்கரமும் கிடையாது, விலை எழுதியது மட்டும்தான், ஆண்டுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு என்று சொன்னேன். முகம் வாடினாலும், நானும் ஆண்டுக்கு ஒன்றுதான் வாங்கப் போகிறேன் என்றதும் ஒப்புக்கொண்டான். வயதைப் பற்றிக் கேட்டேன். 19 என்று கொடுத்திருக்கிறானாம். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். அக்காளையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன். மூவருமாக உட்கார்ந்து அந்தக் கடவுச்சொல் அமைப்பை மாற்றிவிட்டு, வயதைத் திருத்த என்ன வழி என்றும் பார்க்கிறோம்.